வாப்பாவின் எண்ணெயில் என்ன இருந்தது

வாப்பாவுக்கு அக்கி வந்து மாறிய பிறகும் வலி மாறவில்லை. இடப்பக்க விலாவில் கொப்புளங்கள் காய்ந்து கறுத்த தழும்பாகிப் போன இடத்தில் சட்டை பட்டாலே துடித்துப் போவார். ஆஸ்பத்திரியில் தந்த வலிக் குளிசைகள் அவரை அரைத் தூக்கத்தில் வைத்திருந்தனவே தவிர வலியைத் தொடவில்லை. உப்பளத்தில் மேற்பார்வை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை இல்லாமல் கேற்றடிக்குக்கூட வராத மனிதர். அந்த மாதங்களில் சாரனை மட்டும் கட்டிக்கொண்டு, மேலில் காற்று படுவதற்கும் பயந்து, மின்விசிறியை நிற்பாட்டிவிட்டு வியர்த்தபடி கதிரையில் உட்கார்ந்திருப்பார்.

லண்டனில் இருக்கும் என் அண்ணன், நானாதான் அந்த எண்ணெயை அனுப்பினார். பக்கத்து ஊரான தில்லையடிக்கு லீவில் வந்த ஒருவரின் பெட்டியில், துணிகளுக்கு நடுவே சுற்றி வந்து சேர்ந்தது. சொட்டு விடும் மூடி போட்ட ஒரு சின்னப் பழுப்புப் போத்தல். அன்றைக்கே நானா கோல் எடுத்தார். வாப்பா போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"இது கஞ்சாச் செடில இருந்து எடுக்கிற எண்ணெதான் வாப்பா. மறைக்கல்ல. ஆனா வெறிக்கிற சாமான் இதுல இல்ல. அத எடுத்துட்டுத்தான் விக்கிற. இங்க கடையில சும்மா வாங்கலாம்."

வாப்பா போத்தலைத் தூரத்தில் பிடித்து லேபலை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்பிடிப் பிரிச்செடுக்க ஏலுமா மகள்? ஒரே செடில இருந்து ஒண்ட எடுத்து ஒண்ட விட?"

"ஏலும் வாப்பா," என்றேன். "நாங்க லெப்ல அதத்தானே செய்யிற."

அது உண்மைதான். நான் வேலை செய்யும் ஆய்வுகூடம் நுரைச்சோலைக்கு இந்தப் பக்கம், கற்பிட்டி வீதியோரம் இருக்கிறது. இறால் பண்ணைத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், உப்பு, கருவாடு இவற்றைச் சோதிப்பதுதான் எங்கள் பிழைப்பு. அண்மையில் ஏற்றுமதிக்காகக் கஞ்சா வளர்க்க அனுமதி பெற்ற ஒரு கொம்பனி, எந்தச் செடியில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துத் தரச்சொல்லி எங்களிடம் மாதிரிகள் அனுப்பத் தொடங்கியிருந்தது. கடலில் கஞ்சாப் பொதி பிடிபட்டதென்று அடிக்கடி செய்தி வருகிற கரை இது. அதே செடி, சீல் வைத்த உறைக்குள், அதிகாரிகளின் கையெழுத்துகளோடு என் மேசைக்கு வந்தபோது முதல் நாள் தொடவே கை கூசியது. உம்மா இன்றைக்கும் அயலாரிடம் நான் தண்ணீர் சோதிப்பதாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எந்தச் செடியானாலும் வேலை என்னவோ ஒன்றுதான். இலைத் தூளை மதுசாரத்தில் ஊறவைத்து வடித்து, அந்தச் சாற்றில் ஒரு துளிக்கும் குறைவானதை மெஷினுக்குள் ஏற்றுவோம். அது ஒரு சாண் நீள உருக்குக் குழாய்க்குள் போகும். அதைக் கொலம் என்போம். கொலம் முழுக்க மாவைவிட நுண்ணிய தூள் இறுக்கி அடைத்திருக்கும். பின்னாலிருந்து ஒரு திரவம் பெரும் அழுத்தத்தோடு சாற்றைத் தள்ளும். சாற்றில் கலந்திருக்கும் ஒவ்வொரு பொருளும் அந்தத் தூளோடு வெவ்வேறு அளவில் ஒட்டும். குறைவாக ஒட்டுவது முந்தி வெளியே வரும், கூட ஒட்டுவது பிந்தி வரும். ஒவ்வொன்றும் வரும்போது கணினித் திரையில் கோடு மலைபோல் எழுந்து இறங்கும். எத்தனையாவது நிமிடத்தில் எழுந்தது என்பதை வைத்து அது என்ன பொருள் என்று சொல்வோம், மலையின் அளவை வைத்து எவ்வளவு என்று சொல்வோம். வலிக்கு நல்லது என்று சொல்லப்படும் சி.பி.டி. முந்தி வரும். போதை வெறி தரும் டி.எச்.சி. அதற்குப் பிந்தி வரும்.

இதையெல்லாம் வாப்பாவுக்குச் சொன்னேன். அவர் போத்தலை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, பிஸ்மி சொல்லி, நாக்குக்கடியில் சொட்டுகளை விட்டுக்கொண்டார்.

ஒரு கிழமைக்குள் அவர் சட்டை போட்டார். பள்ளிக்குப் போய் ஜமாஅத்தோடு தொழுதுவிட்டு வந்தார். உம்மா ஆட்டிறைச்சி ஆக்கினார். நானாவுக்கு வாப்பாவே கோல் எடுத்து நெடுநேரம் கதைத்தார். வீட்டில் எல்லாருக்கும் மூச்சு வந்தது போலிருந்தது.

பிறகுதான் அது தொடங்கியது.

ஒரு பின்னேரம் நான் வேலையால் வந்தபோது உம்மா வாசலிலேயே நின்றார். வாயில் விரலை வைத்து உள்ளே காட்டினார். வாப்பா முன்னறையில் அஸர் தொழுதுகொண்டிருந்தார். நாலு ரக்அத்தோடு முடிய வேண்டிய தொழுகை. அவர் ஸலாம் கொடுக்கும் இடத்துக்கு வருவார், தலையைத் திருப்பப் போவார், பிறகு எதையோ யோசித்தவர் போல் எழுந்து மறுபடி கைகட்டுவார். எவ்வளவு நேரமாக இப்படி என்று கேட்டேன். உம்மாவுக்குத் தெரியவில்லை. ஒருவழியாக முடித்துவிட்டு முஸல்லாப் பாயை மடித்தபோது வாப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ராத்தா, எப்ப வந்த?"

ராத்தா என்றால் அவருடைய மூத்த சகோதரி. நான் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே மௌத்தாகி அடக்கப்பட்டவர். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். என் முகம் மாறியதைப் பார்த்ததும் அவருடைய முகமும் மாறியது.

அடுத்தடுத்த நாட்களில் கேற்றுப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு திறப்பை எந்தப் பக்கம் போடுவதென்று தெரியாமல் நின்றார். குடித்த தேத்தண்ணியைக் குடிக்கவில்லை என்றார். இடையிடையே பழையபடி தெளிந்தும் இருந்தார். தெளிந்திருந்த ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

"மகள், நான் வெறியிலயா தொழுதிரிக்கேன்?"

இல்லை வாப்பா என்று தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"இல்லண்டு சொல்லாதீங்க. தெரியாதெண்டா தெரியாதெண்டு சொல்லுங்க. எனக்கு வயசு போய் மூள கழண்டா அது அல்லாஹ்ட நாட்டம். அதுல குத்தமில்ல. ஆனா இந்தப் போத்தல்ல அது இரிந்து, அத நான் குடிச்சிட்டுப் பள்ளில போய் நிண்டா, அது வேற கத. எனக்கு அது தெரியணும்." போத்தலை எடுத்து என் கையில் வைத்தார். "நீங்க இதத்தானே பிரிக்கிற. இதையும் பிரிச்சிப் பாருங்க."

எங்கள் ஆய்வுகூடத்தின் பொறுப்பாளரை நாங்கள் மேடம் என்போம். சிலாபத்தார். தமிழும் சிங்களமும் ஒரே வாக்கியத்தில் வரும் அவருக்கு. கோபம் வந்தால் சிங்களம் கூடும். நான் போத்தலை மேசையில் வைத்ததும் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"இத இங்க கொண்டு வந்திருக்கக் கூடாது பிள்ள. நம்மட அனுமதி அந்தக் கொம்பனிட மாதிரிக்கு மட்டுந்தான்."

வாப்பாவின் கதையைச் சொன்னேன். அவர் எழுந்து யன்னலருகே போய் நின்றார். பிறகு அனுமதி தந்த அலுவலகத்துக்குக் கோல் எடுத்து, சிங்களத்தில் நெடுநேரம் கதைத்தார். வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒப்படைக்கிற சாமானா எடுத்துப் பதியலாமாம். சோதிக்கலாம். ஆனா சோதிச்சு முடிய மிச்சத்த இங்கயே அழிக்கணும். வீட்ட திரும்பிப் போகாது. அப்பாட்டக் கேட்டுட்டு வாங்க."

அன்று பின்னேரம் வாப்பாவிடம் சொன்னேன். வலி குறைந்திருந்த அந்த விலாவை அவர் உள்ளங்கையால் மெதுவாகத் தடவிக்கொண்டார்.

"அப்ப அந்த வலி திரும்பி வரும்."

"வரலாம் வாப்பா."

"சரி, அழிக்கட்டும்," என்றார். "தெரிஞ்சாப் போதும்."

தெரிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். கொம்பனியின் மாதிரிகளை ஓட்டிப் பழகிய கை. எண்ணெயைக் கரைத்து, வடித்து, ஏற்றினேன். சி.பி.டி. பெரிய மலையாக எழுந்தது. அதன் பிறகு கோடு தட்டையாகப் போய், டி.எச்.சி. வரவேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன மேடு எழுந்து விழுந்தது. அந்த இடத்தில் வருவது வேறொரு பொருள். டி.எச்.சி. காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழசாகிப் போனால் அதுவாக மாறும், பிறகு அதில் வெறி பெரிதாக இருக்காது. அதுதான் என்று ஆறுதல்பட்டு, உறுதிப்படுத்த மறுபடி ஏற்றினேன். இம்முறை மேடு டி.எச்.சி.யின் இடத்தைத் தாண்டிப் பின்னால் வந்தது. பின்னால் வருவது வெறியே தராத இன்னொன்று. திரும்பவும் ஏற்றினேன். நேராக டி.எச்.சி.யின் இடத்திலேயே வந்து உட்கார்ந்தது.

ஒரே போத்தல், ஒரே கரைசல், மூன்று விடை. மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எதை நம்புவதென்று தெரியவில்லை. எது வரவேண்டும் என்று நான் விரும்புகிறேன் என்பதும் தெரியவில்லை. டி.எச்.சி. இருந்தால் வாப்பாவின் மூளைக்கு ஒன்றுமில்லை, அவருடைய தொழுகை போய்விட்டது. இல்லாவிட்டால் தொழுகை தப்பும், அவர் எங்களைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார் என்றாகும். ஒரு மகள் எதைக் கேட்டுத் துஆ செய்ய வேண்டும்? பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது பாலாவிச் சந்தியில் இறங்க மறந்து, புத்தளம் டவுன்வரை போய்விட்டேன்.

வீட்டில் இன்னொரு குழப்பம் காத்திருந்தது. போத்தல் என் கைக்கு வந்த நாளிலிருந்து வாப்பா எண்ணெய் எடுக்கவில்லை. அப்படியும் அவர் தெளியவில்லை. கூடிக்கொண்டுதான் போனது. ஒரு நாள் உம்மாவை யாரென்று கேட்டார். நானாவுக்குச் சொன்னபோது, "அது ஒடம்புல தங்கி நிக்கும், போக நாளெடுக்கும்," என்றார். நான் வாசித்தவற்றிலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் இவ்வளவு நாளா?

மேடம் என் தாள்களைப் பார்த்தார். "சி.பி.டி.யும் ஓடுதே," என்றார். நான் சின்ன மேட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் பெரிய மலையைக் கவனிக்கவில்லை. அதுவும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் முன்னேயும் பின்னேயும் நகர்ந்திருந்தது. கொலத்தை எப்போதும் ஒரே சூட்டில் வைத்திருக்க ஒரு சிறிய பெட்டி உண்டு. சூடு மாறினால் பொருட்கள் ஒட்டும் அளவும் மாறும், நேரமும் மாறும். பெட்டியின் திரை சரியான சூட்டைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. மேடம் கதவைத் திறந்து கொலத்தை விரலால் தொட்டார். என் விரலையும் பிடித்து அதில் வைத்தார். உருக்கு சில்லென்றிருந்தது.

"பொய் சொல்லுது," என்றார் மேடம்.

கடற்காற்று உள்ளே வயரைத் தின்றிருந்தது. ஒரு நேரம் சுடும், ஒரு நேரம் விட்டுவிடும். கொழும்பிலிருந்து ஆள் வந்து மாற்றும்வரை காத்திருந்தோம். மாற்றிய பிறகு சின்ன மேடு அசையாமல் ஒரே இடத்தில் வந்தது, டி.எச்.சி.யின் இடத்தில். அது போதாது என்றார் மேடம். அனுமதியோடு பூட்டி வைத்திருக்கும் சுத்தமான டி.எச்.சி.யில் மிகக் கொஞ்சத்தை எடுத்து, வாப்பாவின் எண்ணெய்க் கரைசலில் கலந்து ஏற்றச் சொன்னார். மேட்டில் இருப்பது வேறு பொருளாக இருந்தால் பக்கத்தில் இரண்டாவது மேடு முளைக்கும், அல்லது தோள்போல் ஒரு பக்கம் வீங்கும். அதே பொருளானால் மேடு அப்படியே உயரும்.

இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேடு அப்படியே உயர்ந்தது. தோள் இல்லை, பிளவு இல்லை.

"இருக்கு பிள்ள," என்றார் மேடம். "கொஞ்சமே கொஞ்சந்தான். இதுக்கு ஒரு ஆள் இவ்வளவு குழம்பமாட்டார் எண்டுதான் நான் நெனக்கிறன். ஆனா நான் டொக்டர் இல்ல."

மிஞ்சிய எண்ணெயை அன்றே அவர் முன்னிலையில் அழித்தோம்.

வாப்பாவிடம் சொல்லும்போது இரண்டையும் சொன்னேன்: இருக்கிறது, மிகக் கொஞ்சம். அவர் முதலாவதை மட்டும் காதில் வாங்கினார். தலையை ஆட்டினார். அழுவார் என்று பயந்தேன், அழவில்லை. வேலையொன்று கிடைத்தவர் போல எழுந்து போய் கைகால் கழுவி வுளூச் செய்துவிட்டு வந்து, எண்ணெய் எடுத்த நாட்களின் தொழுகைகளைக் கழாவாகத் திருப்பித் தொழத் தொடங்கினார். எத்தனை தொழுதோம் என்பது அவருக்கு நினைவில் நிற்காததால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். உம்மா சோற்றை மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பார். போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருக்கிறது என்று சொன்னவள் நான்தானே.

அந்தக் கிழமையிலேயே ஒரு காலை வுளூச் செய்யும் பைப்படியில் விழுந்தார். தலையில் அடியில்லை, ஆனால் கண் செருகிப் போயிருந்தது. ஆட்டோவில் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரத்தம் எடுத்தார்கள். பின்னேரம் வார்ட்டில் ஒரு இளம் டொக்டர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"வாப்பா என்னென்ன மருந்து குடிக்கிறார்?"

நான் எண்ணெயில் தொடங்கினேன். மறைக்காமல் எல்லாம் சொன்னேன். எவ்வளவு டி.எச்.சி. என்றுகூடச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது இல்லாம?" என்றார்.

பிரஷருக்குக் குடிக்கும் குளிசைகளை உம்மா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். டொக்டர் ஒரு அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இது எப்ப தொடங்கின?"

"கிளினிக்ல புதுசாத் தந்த," என்றார் உம்மா. "அந்த எண்ணெ வந்த நேரந்தான். உப்பையும் கொறைக்கச் சொன்னாங்க. இவர் கொறைக்கல்ல, ஒரேயடியா விட்டுட்டார். உப்பில்லாமத்தான் ஆக்கிக் குடுக்கிற."

அந்தக் குளிசை சிறுநீரோடு உப்பையும் வெளியேற்றும் என்றார் டொக்டர். வயதானவர்கள் சிலருக்கு இரத்தத்தில் உப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும், அப்போது ஆள் மாறிப் போவார், பெயர் மறக்கும், விழுவார் என்றார். வாப்பாவுக்கு மிகவும் இறங்கியிருந்தது. அந்தக் குளிசையை நிற்பாட்டி, சேலைன் ஏற்றி, மெதுமெதுவாக உயர்த்த வேண்டும் என்றார்.

உம்மா என் கையைப் பிடித்தார். "உப்பா?" என்றார். "உப்புக் கொறஞ்சா?" வாழ்நாளெல்லாம் உப்பு மேட்டில் நின்ற மனிதரைப் பற்றித்தான் கதைக்கிறோம் என்று அவருக்கு நம்ப முடியவில்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டும் வந்தது அவருக்கு.

நாலைந்து நாளில் வாப்பா திரும்பி வந்தார். வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, திரும்பித்தான் வந்தார். கட்டிலில் சாய்ந்திருந்து, நான் தலைக்கு எண்ணெய் வைக்காமல் திரிவதைக் கண்டித்தார். பாணுக்குச் சம்பல் கேட்டார். நடந்ததைக் கட்டம் கட்டமாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டு, கடைசியில் கேட்டார்:

"அப்ப எண்ணெக்கும் நான் கொழம்பினதுக்கும் சம்பந்தமில்ல?"

"டொக்டர் அப்பிடித்தான் நெனக்கிறார்."

"ஆனா எண்ணெயில அது இரிந்த."

"இரிந்த வாப்பா. கொஞ்சமே கொஞ்சம்."

அவர் யோசித்தார். "நல்லம். ரெண்டும் வேற வேற," என்றார். நான் எதிர்பார்த்த நிம்மதி அவர் முகத்தில் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் கழாத் தொழுகையை விடவில்லை. இப்போது எண்ணிக்கை மறப்பதில்லை. பள்ளியில் தொழவைக்கும் ஹஸரத்திடம் கேட்கலாமே என்றேன். தெரியாமல் செய்ததற்குக் குற்றமில்லை என்று ஹஸரத் சொல்லிவிடுவார், அது தனக்கும் தெரியும், தொழுதால் மனதுக்குச் சரியாக இருக்கிறது என்றார்.

எண்ணெய் நின்ற பிறகும் அடங்கியிருந்த வலி, அவர் தெளிந்ததும் திரும்பி வந்தது. முதலில் தழும்பின் ஓரத்தில், பிறகு விலா முழுக்க. மறுபடி சட்டையைக் கழற்றிவிட்டுக் கதிரையில் முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தார். நானா கோல் எடுத்து, டி.எச்.சி. உண்மையாகவே இல்லாத இன்னொரு வகை இருக்கிறது, தானே பார்த்து வாங்கி அனுப்புவதாகச் சொன்னார். வாப்பா வேண்டாம் என்றார். வலிக் கிளினிக்குக்குப் போக ஆஸ்பத்திரியில் கடிதம் தந்திருக்கிறார்கள். திகதிக்குக் காத்திருக்கிறோம்.

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நான் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துவிட்டு என்னைப் பக்கத்தில் இருக்கச் சொன்னார்.

"மகள், ஒரு விசயம் எனக்கு வெளங்குதில்ல. அந்த நாள்ள வலி இல்லாம இரிந்த எதால? எண்ணெ வேல செஞ்சதாலயா? இல்ல, உப்பு எறங்கி மூள மங்கினதால வலிக்கிறதே தெரியாமப் போனதா?"

நான் நாட்களைப் பின்னோக்கி யோசித்துப் பார்த்தேன். எண்ணெயும் பிரஷர்க் குளிசையும் ஒன்றாகத் தொடங்கியவை. அவர் சட்டை போட்ட நாளில் தெளிவாகத்தான் இருந்தார் என்று ஞாபகம். ஆனால் அதற்கு முன்பே ஏதேனும் தொடங்கியிருந்ததா, நாங்கள்தான் சந்தோசத்தில் கவனிக்கவில்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"தெரியாது வாப்பா," என்றேன்.

"அத உங்கட மெஷின்ல பாக்க ஏலாதா?"

"ஏலாது."

"ம்," என்றார். தேத்தண்ணியை எடுத்து ஊதினார். கோப்பையைத் தூக்கும்போது முழங்கை விலாவில் பட்டுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார். நான் கோப்பையை வாங்கிப் பிடித்துக்கொண்டேன். வலி அடங்கும்வரை தேத்தண்ணி என் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.